ஓரத்திலிருந்து நடுவரை: சிறுநீர்ப்பையை மீண்டும் வளர்க்கும் முயற்சி

மேசன் மூவண்ணச் சாயம் ஏற்றிய திசுச் சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் தசை சிவப்பாகவும் கொலாஜன் நார் நீலமாகவும் தெரியும். எலியின் சிறுநீர்ப்பைச் சுவரில் ஒரு பகுதியை வெட்டி அங்கே ஒட்டு (மாற்றுத் துண்டு) வைத்து, எட்டு வாரங்கள் கழித்து எடுத்த சீவல்களை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த மாதங்களில், சிவப்பு எங்கே முடிகிறது, நீலம் எங்கே தொடங்குகிறது என்பதைத் தவிர வேறெதுவும் என் மனத்தில் ஓடவில்லை. சிவப்பு இருந்தால் அந்த இடம் சுருங்கி விரியும்; நீலம் மட்டும் இருந்தால் அது வடு. சிறுநீர்ப்பையின் சுவர்த் திசுவை, செல்கள் பற்றிக்கொள்ளும் தாங்கலான சாரத்தின் மேல் மீண்டும் வளர்க்கும் விலங்கு ஆராய்ச்சி முப்பது ஆண்டுகளாகப் போராடிவருவது இந்தச் சிவப்புக்காகத்தான். அதைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றையும், என் வேலையில் நேர்ந்த ஒரு தவறு எனக்குக் கற்றுக்கொடுத்ததையும் இங்கே எழுதுகிறேன்.

சிறுநீர்ப்பையைத் தோல் பை போன்ற எளிய உறுப்பாகப் பலர் எண்ணுவதுண்டு. ஆனால் வளர்ந்த மனிதருக்கு 400 முதல் 500 மி.லி. வரை நிரம்பும்போதும் உள்ளே அழுத்தம் ஏறாமல் அது விரிந்துகொடுக்கிறது. வெளியேற்ற வேண்டிய நேரத்தில் சுவர் முழுவதும் ஒன்றாகச் சுருங்குகிறது. உட்பக்கத்தில் சிறுநீரை இரத்தத்துக்குள் கசியவிடாத எபிதீலியப் படலமும், அதற்குக் கீழே இரத்தக் குழாய்கள் நிறைந்த இணைப்புத் திசுவும், அதற்கு வெளியே மென்தசைக் கற்றைகளும் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. எபிதீலியப் படலத்தின் மேல் வரிசையில் உள்ள செல்களுக்குக் குடை செல்கள் என்று பெயர். பை நிரம்பும்போது அவை தட்டையாக விரிந்து கீழே உள்ளவற்றை உண்மையிலேயே குடைபோல் மூடிக்கொள்கின்றன. இவற்றுள் எபிதீலியம்தான் எளிதில் வளரக்கூடியது. தசை வளர்வது கடினம். அந்தத் தசைக்குக் கட்டளை கொண்டுவரும் நரம்பு வளர்வது அதனினும் கடினம்.

தண்டுவடப் பிளவோடு பிறக்கும் குழந்தைகள் பலருக்குச் சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்புக் கட்டளை சரியாக அமைவதில்லை. பை சிறுத்து, சுவர் தடித்து, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் 40 செ.மீ. உயர நீர்த்தம்பம் தரும் அளவைத் தாண்டும் நிலை நீடித்தால் சிறுநீரகங்கள் கெடத் தொடங்கும் என்பது 1981 முதல் மருத்துவர்கள் கையாளும் எச்சரிக்கை அளவு. அந்தக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு நான்கைந்து முறை கதீட்டர் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிகள் பிரிவில் திசு மாதிரி வாங்கக் காத்திருந்தபோது, ஏழு வயது மகனோடு வந்திருந்த ஒரு தாய், "பள்ளிக்கூடத்தில் இதை யார் செய்துவிடுவார்கள் அக்கா, அதனால் மத்தியானம் நானே போய்விட்டு வருகிறேன்" என்று என்னிடம் சொன்னார். கதீட்டர் குழாய்களைச் சாப்பாட்டுப் பாத்திரம் வைக்கும் துணிப்பையில், துவைத்த வெள்ளைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். இந்தத் துறையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தத் துணிப்பைதான் என் கண்முன் வருகிறது.

மருந்தும் கதீட்டரும் போதாமற்போனால் இன்றுவரை செய்யப்படும் அறுவைசிகிச்சை, குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சிறுநீர்ப்பையோடு தைத்துப் பெரிதாக்குவது. இதன் தொடக்கமும் விலங்கில்தான்: 1888இல் டிட்சோனி, ஃபோஜ்ஜி என்ற இரு இத்தாலியர்கள் நாயின் சிறுநீர்ப்பைக்குப் பதிலாகச் சிறுகுடல் துண்டை வைத்துக் காட்டினார்கள். இந்தச் சிகிச்சை அழுத்தத்தைக் குறைத்துச் சிறுநீரகங்களைக் காக்கிறது. ஆனால் குடலின் இயல்பே உறிஞ்சுவது. சிறுநீரைத் தாங்குவதற்காகப் படைக்கப்பட்ட உறுப்பு அது அன்று. சிறுநீரில் உள்ள உப்புகளை அது உறிஞ்சுவதால் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடுகிறது. அது சுரக்கும் சளி தேங்கிக் கற்கள் உருவாகின்றன. தொற்று அடிக்கடி வருகிறது. சில நேரங்களில் பை கிழிந்தும் விடுகிறது. எனவே குடலுக்குப் பதிலாகச் சிறுநீர்ப்பைத் திசுவையே வளர்க்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது.

கட்டடம் கட்டுவோர் சாரம் கட்டி அதன்மேல் நின்று சுவரை எழுப்பிவிட்டுப் பிறகு சாரத்தைப் பிரித்துவிடுவது போல, செல்கள் ஏறிப் பற்றிக்கொள்ள ஒரு தற்காலிகத் தாங்கலைக் கொடுத்தால் அவை தம் சுவரைத் தாமே கட்டிக்கொள்ளும், சாரம் மெல்லக் கரைந்துவிடும் என்பதே இம்முயற்சியின் அடிப்படை. உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். கட்டடச் சாரம் கொத்தனாரிடம் எதுவும் சொல்வதில்லை, திசுச் சாரமோ செல்களோடு பேசிக்கொண்டே இருக்கிறது. 1917இல் நியூஹோஃப் என்பவர் தசையுறையை நாய்களின் சிறுநீர்ப்பையில் ஒட்டாக வைத்தார். அதன் பின்னர் தோல், வயிற்று உறை, மூளை உறை, டெஃப்லான், சிலிக்கோன் என்று பலவும் முயலப்பட்டன. கரையாத செயற்கைப் பொருள் எதுவாயினும் சிறுநீரில் உள்ள உப்பு அதன்மேல் படிந்து கல்லாகிவிட்டது. கரையும் இயற்கைத் திசுக்கள் சுருங்கிப்போயின.

திருப்பம் இரு பக்கங்களிலிருந்து வந்தது. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் படிலாக்கும் அவருடைய குழுவினரும் பன்றியின் சிறுகுடலில் சளிப்படலத்தையும் தசையையும் சுரண்டி நீக்கிவிட்டு, நடுவில் எஞ்சும் காகிதம் போன்ற மெல்லிய அடுக்கை நாய்களில் இரத்தக் குழாய் ஒட்டாகப் பயன்படுத்தினார்கள். அதே பொருளை இண்டியானாவில் பிராட்லி கிராப் 1990களின் நடுவில் எலிகளிலும் பிறகு நாய்களிலும் சிறுநீர்ப்பை ஒட்டாக வைத்தபோது, ஒட்டின்மேல் எபிதீலியம் மட்டுமல்லாமல் மென்தசையும் தோன்றியது. மறுபக்கம் சான் பிரான்சிஸ்கோவில் டனாகோவின் குழுவினர் சிறுநீர்ப்பையிலிருந்தே செல்களை முழுவதும் கழுவி நீக்கி, எஞ்சிய நார்ச்சட்டத்தை எலிகளுக்கு ஒட்டாக வைத்தார்கள். 1990களின் இறுதியில் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த தசை மருந்துக்கும் மின்தூண்டலுக்கும் சுருங்குவதைக் காட்டினார்கள்.

செல்களைக் கழுவி நீக்கும் அந்த வேலையை நானும் பலமுறை செய்திருக்கிறேன். இறைச்சிக்கூடத்திலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் வரும் பன்றியின் சிறுநீர்ப்பை முதலில் வெளிர்ச்சிவப்பாக, வழுவழுப்பாக, சற்றே கனமாக இருக்கும். அதைப் பிளந்து விரித்து, கத்தியின் மழுங்கிய பக்கத்தால் தசையடுக்கை வழித்தெடுக்க வேண்டும். பிறகு டிரைட்டான் எக்ஸ்-100 கரைசலிலோ எஸ்.டி.எஸ். கரைசலிலோ இட்டு, குலுக்கி மேடையில் நாள்கணக்கில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டும் சோப்பின் குணமுள்ளவை, செல்லின் சவ்வைக் கரைத்துவிடக்கூடியவை. ஒவ்வொரு முறை நீர் மாற்றும்போதும் நிறம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஊறவைத்த அரிசி அப்பளம் போல வெளுத்து, ஒளி ஊடுருவும் படலம் ஒன்று கையில் நிற்கும். உலர்ந்த எடையில் ஒரு மில்லிகிராமுக்கு 50 நானோகிராமுக்கும் குறைவாகவே டி.என்.ஏ. எஞ்சியிருக்க வேண்டும் என்பது ஆய்வகங்கள் பெரும்பாலும் பின்பற்றும் அளவு. அதிகம் கழுவினால் செல்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளும் சேர்ந்து கரைந்துபோகும், குறைவாகக் கழுவினால் பிற உயிரியின் செல் எச்சம் அழற்சியை உண்டாக்கும். கைப்பழக்கம் இங்கேதான் தேவைப்படுகிறது. பொருள் எங்கிருந்து வருகிறது என்பதும் சிறிய செய்தியன்று. கிராப்பின் குழுவினருக்கே, நாய்களில் வைத்த குடலடுக்கின் சில தொகுதிகளில் திசு நன்றாக வளர்ந்தது, சில தொகுதிகள் சுருங்கிப்போயின. பன்றிக் குடலின் மேற்பகுதியிலிருந்து எடுத்ததைவிடக் கடைப்பகுதியிலிருந்து எடுத்த அடுக்கே நம்பகமாக வேலை செய்கிறது என்று 2004இல் கண்டறிந்தார்கள்.

இந்தத் துறையை உலகறியச் செய்தது 1999இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வெளியான பாஸ்டன் ஆய்வு. ஓபர்பென்னிங், மெங், யூ, அட்டாலா ஆகியோர் பீகிள் இன நாய்கள் 14இல், சிறுநீர்க்குழாய்கள் வந்து சேரும் அடிமுக்கோணத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றப் பையை வெட்டி நீக்கினார்கள். இரண்டு நாய்களுக்கு எதுவும் வைக்காமல் தைத்து மூடினார்கள்; ஆறு நாய்களுக்குச் செல் இல்லாத வெறும் சாரத்தை வைத்தார்கள்; ஆறு நாய்களுக்கு, அவற்றிடமிருந்தே முன்னதாக எடுத்த சிறு திசுத் துண்டிலிருந்து வளர்த்த எபிதீலியச் செல்களைச் சாரத்தின் உட்புறத்திலும் தசைச் செல்களை வெளிப்புறத்திலும் விதைத்து வைத்தார்கள். சாரம் பாலிகிளைக்காலிக் அமிலத்தால் ஆனது. கரையும் அறுவைசிகிச்சைத் தையல் நூலாக நாம் நெடுங்காலமாக அறிந்த பொருள்தான். எதுவும் வைக்காத நாய்களின் பைக் கொள்ளளவு பழைய அளவில் 22 விழுக்காடு, வெறும் சாரம் வைத்தவற்றில் 46 விழுக்காடு, செல் விதைத்தவற்றில் 95 விழுக்காடு. அந்த மூன்று எண்களை முதன்முதலாகப் படித்த நாளில் நான் அடைந்த மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டில் அதே குழுவினர், செல் நீக்கிய சிறுநீர்ப்பை அடுக்கை நாய்களுக்கு ஒட்டாக வைத்த ஆய்விலும், செல் விதைத்தவற்றில் கொள்ளளவு 99 விழுக்காடு கூடியது, விதைக்காதவற்றில் 30 விழுக்காடு மட்டுமே கூடியது.

அடுத்து மனிதர்களுக்குச் சென்றார்கள். தண்டுவடப் பிளவு உடைய, 4 முதல் 19 வயது வரையிலான ஏழு பேருக்குச் செய்த சிகிச்சையை அட்டாலா குழுவினர் 2006இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். கொலாஜனும் பாலிகிளைக்காலிக் அமிலமும் கலந்த சாரத்தின்மேல், குடலின் முன்னே தொங்கும் கொழுப்புத் திரையை இரத்த ஓட்டத்துக்காகச் சுற்றி வைத்தவர்களிடமே பயன் மிகுதி: கசிவு அழுத்தம் (சிறுநீர் கசியத் தொடங்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம்) 56 விழுக்காடு குறைந்தது, கொள்ளளவு 1.58 மடங்கும் விரிந்துகொடுக்கும் தன்மை 2.79 மடங்கும் ஆயின. ஆய்வகத்தில் வளர்த்த உறுப்பு மனித உடலுக்குள் சென்றுவிட்டது என்று நாளேடுகள் எழுதின. எட்டு ஆண்டுகள் கழித்து, 2014இல், தண்டுவடப் பிளவு உடைய பத்துப் பிள்ளைகளிடம் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த இரண்டாம் கட்டச் சோதனையின் முடிவு வெளியானது. கொள்ளளவிலோ விரிந்துகொடுக்கும் தன்மையிலோ பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் இல்லை. நால்வருக்குக் குடல் அடைப்பு, பை கிழிதல் போன்ற கடுமையான விளைவுகள் ஏற்பட்டன. அந்தக் கட்டுரையை நான் இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது அந்தத் துணிப்பைத் தாயை நினைத்துக்கொண்டேன். இரண்டாம் முறை, நாய்களிடம் நாம் எதைக் கேட்டோம் என்று நினைத்தேன்.

நாய்களிடம் நாம் கேட்டது, நலமுள்ள சிறுநீர்ப்பையை வெட்டினால் நலமுள்ள செல்களைக் கொண்டு அதை ஈடுசெய்ய முடியுமா என்பதே. பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது வேறு. அவர்களுடைய நரம்புக் கட்டளை பழுதுற்றது; சுவர் பல ஆண்டுகளாக வடுப்பட்டது; அச்சுவரிலிருந்து எடுத்து வளர்க்கும் தசைச் செல்களும் நலமுள்ள செல்களைப் போல நடந்துகொள்வதில்லை என்று ஆய்வக வளர்ப்பிலேயே காட்டப்பட்டிருக்கிறது. நாயின் பை அறுவைக்குப் பின் தானே நிரம்பித் தானே காலியாகிறது. அந்த இழுவையும் தளர்வும் தசை உருவாவதற்கு வேண்டிய பயிற்சி. நரம்பிழந்த பைக்கு அந்தப் பயிற்சி ஒழுங்காகக் கிடைப்பதில்லை. நாய்களிலும்கூட எல்லா ஆய்வுகளும் ஒரே விடை தரவில்லை. பையில் 90 விழுக்காட்டை நீக்கிவிட்டுக் குடலடுக்குச் சாரத்தை வைத்த கிராப், ஷாங் குழுவினரின் 2006ஆம் ஆண்டு ஆய்வில், செல் விதைத்த ஒட்டு விதைக்காத ஒட்டைவிட மேலானதாக அமையவில்லை. கடுமையான அழற்சியே முந்திக்கொண்டது.

இன்னொரு காரணம் வெறும் வடிவக்கணக்கு. அதைப் போதுமான அளவு யாரும் வலியுறுத்துவதில்லை என்பது என் கருத்து. எலியின் சிறுநீர்ப்பை நிரம்பினால் ஏறத்தாழ 1 மி.லி. கொள்ளும் என்றும், அதை உருண்டை என்றும் வைத்துக்கொண்டு மேல்பாதியை ஒட்டால் மாற்றினால், ஓரத்திலிருந்து ஒட்டின் நடுப்புள்ளிவரை உள்ள தொலைவு சுமார் 1 செ.மீ. மனிதரின் 400 மி.லி. பையில் அதே பாதியை மாற்றினால் அத்தொலைவு சுமார் 7 செ.மீ. சாரத்துக்குள் செல்கள் ஊர்ந்துவருவதும் இரத்தக் குழாய்கள் நுழைவதும் பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான். ஓர் இரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் பரவிச் செல்லக்கூடிய தொலைவோ 0.1 முதல் 0.2 மி.மீ. மட்டுமே. முயல்களின் சிறுநீர்த் தாரையில் (பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாயில்) செல் விதைக்காத சாரத்தை 0.5, 1, 2, 3 செ.மீ. நீளங்களில் வைத்துப் பார்த்த 2008ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 0.5 செ.மீ. நீளத்தில் மட்டுமே இயல்பான திசு வளர்ந்தது. மற்றவை நடுவில் வடுவாகிக் குறுகின. எலியில் வெற்றி பெறும் ஒட்டு மனிதரில் நடுவே வெளுத்துச் சுருங்குவதற்கு வேறு மர்மம் தேட வேண்டியதில்லை.

எலியிடம் மற்றொரு சிக்கலும் உண்டு. ஒட்டு எதுவும் வைக்காமல் பையின் பெரும்பகுதியை வெட்டி மூடினாலும், சுமார் எட்டு வாரங்களில் எலியின் சிறுநீர்ப்பை தானாகவே பெருமளவு மீண்டு வளர்ந்துவிடுகிறது. மனிதரிடம் அதை நம்பியிருக்க முடியாது. எனவே எலியில் ஒட்டு வைத்துக் கொள்ளளவு மீண்டது என்று சொல்லும்போது, வளர்ந்தது ஒட்டா, எஞ்சிய பழைய சுவரா என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

என் தவறு இங்கேதான் நேர்ந்தது. முதல் தொகுதி எலிகளுக்கு, கரைந்துபோகும் விக்ரில் நூலால் மட்டும் ஒட்டைத் தைத்தேன். எட்டு வாரங்கள் கழித்துப் பைகள் அழகாக உருண்டு, உப்புநீரைக் கசியாமல் தாங்கி நின்றன. கொள்ளளவு பழைய நிலையை எட்டியிருந்தது. சீவல்களில் சிவப்புத் தசை நிறையத் தெரிந்தது. ஆனால் நூல் கரைந்துபோயிருந்ததால், ஒட்டின் எல்லை எது என்று எந்தச் சீவலிலும் என்னால் காட்ட முடியவில்லை. அந்தச் சிவப்பு பழைய சுவர் இழுபட்டு வந்ததாகவும் இருக்கலாம். ஒட்டின் நான்கு மூலைகளிலும் கரையாத நூலால் அடையாளத் தையல் இட வேண்டும் என்பது முன்னோர் ஆய்வுகளிலெல்லாம் எழுதப்பட்டிருப்பதுதான். உள்பக்கம் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் கல் படியுமே என்று அஞ்சி நான் அதைத் தவிர்த்திருந்தேன். அத்தனை எலிகளும் எந்த முடிவையும் தராமல் இறந்தன. விலங்குகள் மீதான ஆய்வுக்கு நம் நாட்டில் ஒவ்வொரு நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவும் எண்ணிக்கையைக் கேட்டு, காரணம் கேட்டு அனுமதி தருகிறது; அந்தப் படிவத்தில் நான் எழுதிய காரணத்துக்கு நானே நேர்மையாக நடந்துகொள்ளவில்லை என்ற உறுத்தல் இன்றும் இருக்கிறது.

இப்போது முயலப்படுபவற்றில் எனக்கு நம்பிக்கை தருபவை, சாரத்தின் பொருளை மட்டும் மாற்றுபவை அல்ல, விலங்கிடம் கேட்கும் கேள்வியை மாற்றுபவை. நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள், கருவிலேயே சிறுநீர்ப்பை வெளிப்பிதுங்கிய நிலையை ஆட்டுக்குட்டிகளில் உருவாக்கி, பிறந்த பின் அந்தப் பழுதுற்ற பையிலேயே வளர்ச்சிக் காரணிகள் ஏற்றிய கொலாஜன் சாரத்தை வைத்துப் பார்த்தார்கள். பாஸ்டனில் மௌனியின் குழுவினர் பட்டின் புரதமான ஃபைப்ராயினால் இரண்டடுக்குச் சாரம் செய்தார்கள்: ஒருபக்கம் கடற்பஞ்சு போல நுண்துளைகள், மறுபக்கம் நீர் கசியாத படலம். பட்டுக்கூட்டைச் சோடா உப்பு நீரில் கொதிக்கவைத்துப் பசையை நீக்குவதுதான் இதற்கு முதல் படி. காஞ்சிபுரத்தில் சாயம் ஏற்றுவதற்கு முன் நூலுக்குச் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். சிகாகோவில் அருண் சர்மாவின் குழுவினர் சிட்ரிக் அமிலத்திலிருந்து செய்த, நன்றாக நீளும் சாரத்தில், சிறுநீர்ப்பையிலிருந்து எடுக்காமல் எலும்பு மச்சையிலிருந்து எடுத்த இரு வகைச் செல்களை ஒன்றாக விதைத்தார்கள். பழுதுற்ற பையிலிருந்து செல் எடுக்க வேண்டிய கட்டாயம் இதில் நீங்குகிறது. இரத்தக் குழாய் உருவாக்கத்துக்கும் அச்செல்கள் துணைசெய்கின்றன. பபூன் குரங்குகளில் இரண்டு ஆண்டுகள்வரை கண்காணித்து, குடல் ஒட்டு வைத்த குரங்குகளோடு ஒப்பிட்ட முடிவுகளை 2024இல் வெளியிட்டார்கள். இன்றைய சிகிச்சை எதுவோ அதனோடு ஒப்பிடுவதுதான் முறை. ஒன்றும் செய்யாமல் மூடிய விலங்கோடு ஒப்பிட்டுப் பெறும் வெற்றி அந்தத் தாய்க்குப் பயன்படாது.

இரண்டாம் தொகுதி எலிகளில் நான்கு மூலைகளிலும் கரையாத நீல நிறப் புரோலீன் நூலால் அடையாளத் தையல் இட்டேன். முடிச்சுகள் உள்பக்கம் நீட்டாதபடி சுவரின் வெளியடுக்கில் மட்டும் ஊசியை ஓட்டினேன். எட்டு வாரங்களுக்குப் பின் திறந்தபோது, முன்பு 1 செ.மீ. இடைவெளியில் இருந்த தையல்கள் 6 மி.மீ. அளவுக்கு நெருங்கி வந்திருந்தன, ஒட்டு சுருங்கியிருக்கிறது. கொள்ளளவு மட்டும் முதல் தொகுதியைப் போலவே மீண்டிருந்தது. அந்த அளவை மட்டும் குறித்துக்கொண்டு போயிருந்தால் இதையும் வெற்றி என்றே எழுதியிருப்பேன். இரு தையல்களுக்கு இடையே சீவலை ஓரத்திலிருந்து நகர்த்திக்கொண்டே பார்த்தேன்: தையலை ஒட்டித் தடித்த சிவப்புக் கற்றைகள், பிறகு மெலிந்த கற்றைகள், பிறகு நீலத்தின் நடுவே சிதறிய சிவப்பு இழைகள். நடுவில், புதிதாக நுழைந்திருந்த ஓர் இரத்தக் குழாயைச் சுற்றி மட்டும் ஏழெட்டுத் தசை செல்கள் ஒரே திசையில் வரிசையாகப் படுத்திருந்தன. அந்தச் சீவலின் எண்ணைக் குறித்துவைத்து, அடுத்த எலிகளில் ஒட்டின் நடுவில் கொழுப்புத் திரையைத் தைத்துவைக்க அனுமதி கேட்டுப் படிவம் எழுதத் தொடங்கினேன்.